திருவண்பரிசாரத்தில் சொல்லப்படாத செய்தி

நாகர்கோயிலுக்கு வடகிழக்கே, நெல்வயல்களின் நடுவே அமைந்த திருப்பதிசாரம் என்னும் சிற்றூரே மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றனுள் ஒன்றாகிய திருவண்பரிசாரம். நாஞ்சில் நாட்டு உழவரிடம் இவ்வூர்ப் பெயரைச் சொன்னால் இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நெல் ரகங்களே முதலில் நினைவுக்கு வரும். ஸ்ரீவைஷ்ணவர்களுக்கோ இது நம்மாழ்வாரின் திருத்தாயார் உடையநங்கை பிறந்த ஊர். திருவாழ்மார்பன் என்னும் திருநாமத்தோடு எம்பெருமான் இங்கே வீற்றிருந்த திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறான். ஆழ்வார் தம் தாய்வழி ஊருக்கு அருளிச்செய்தது ஒரே பாசுரம். திருவாய்மொழி எட்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஏழாவதாக அமைந்த அப்பாசுரம் ஒரு குறைபாட்டுரை.

குறை இன்னதென்று பார்க்கவேண்டும். திருவண்பரிசாரத்துக்கும் வெளியூர்களுக்கும் இடையே மக்கள் நடமாட்டம் ஓயாமல் இருக்கிறது. அவர்களுள் ஒருவரேனும் அங்குள்ள பெருமான் திருமுன்பே ஆழ்வாரைப்பற்றி ஒரு வார்த்தை விண்ணப்பம் செய்யவில்லை. சங்கையும் ஆழியையும் தான் சுமந்துகொண்டு அவனோடுகூடவே திரிவதற்கு அடியவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிவித்தால் போதும், அதுகூட நடக்கவில்லை. இதற்கு என்ன செய்வது என்று பாசுரம் கைவிரிக்கிறது. அவர்கள் தம் துயரைத் தீர்க்கவில்லை என்று ஆழ்வார் நோகவில்லை. தம்மை அங்கே அழைத்துச் செல்லவில்லை என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை என்பதொன்றே அவர் குறை. ஒருவருடைய பாரத்தை மற்றொருவர் எம்பெருமானிடத்தில் வைப்பது என்றால் என்ன, அதன் எல்லை எது என்று ஆராய்வார்க்கு இப்பாசுரத்தைக் காட்டிலும் நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

திருக்குருகூரிலிருந்து நாஞ்சில் நாட்டுக்கு வருவோர்க்கு மேற்குமலைத் தொடரின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இயற்கையான வழி. பாண்டிநாட்டுச் சரக்கும் படையும் யாத்திரிகரும் அவ்வழியே போய்வந்தனர். மகேந்திரகிரியின் இப்புறத்தில் திருக்குறுங்குடி. அப்புறத்தில் நாஞ்சில் நாடு. குருகூர்க் காரியார் திருவண்பரிசாரத்தில் பெண் கொண்டதாகச் சொல்லும் குருபரம்பரைச் செய்தி இந்த நில அமைப்போடு நன்கு பொருந்துகிறது. ஆகவே பாசுரத்தில் வரும் வழிப்போக்கர்களைப் பெயரற்ற கூட்டமாகக் கொள்ளவேண்டியதில்லை. தாய்வீட்டு ஊரிலிருந்து வந்து திரும்பும் சுற்றத்தாரும் அவர்களுள் இருந்திருப்பர். கேட்டால் மறுக்கமாட்டாதவர்கள் சொல்ல மறந்தார்கள் என்பதில் குறையின் கனம் கூடுகிறது.

இக்குறையைச் சொன்னவருடைய பிறப்பு வரலாறே ஒப்படைத்தலின் வரலாறு. மகப்பேறு இன்றி வருந்திய காரியாரும் உடையநங்கையாரும் திருக்குறுங்குடி நம்பியை வேண்டிக்கொண்டனர். வைகாசி விசாகத்தில் பிறந்த குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறக்கவுமில்லை. பெற்றோர் செய்வதறியாது, பன்னிரண்டாம் நாள் குழந்தையைத் திருக்குருகூர் ஆதிநாதன் சன்னிதியில் விட்டனர். உலக வழக்குக்கு மாறுபட்டிருந்தமையால் மாறன் என்று பெயரிட்டனர். குழந்தை தவழ்ந்து சென்று திருப்புளியின் பொந்தில் அமர்ந்தது. பதினாறு ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

உபந்நியாசங்களில் இக்கட்டம் விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். மதுரகவிகள் எழுந்தருளும் காட்சியை நோக்கி எல்லாரும் விரைவர். இடையிலுள்ள பதினாறு ஆண்டுகளை உடையநங்கையார் எப்படிக் கழித்தார் என்று எவரும் கேட்பதில்லை. பால் கொடுக்க முடியாத தாய், மருத்துவத்துக்கு வசப்படாத பிள்ளை. பெற்றோர் தம்மால் ஆகாததை ஒப்புக்கொண்டனர். ஆனால் பிள்ளையை ஆற்றங்கரையில் விடவில்லை, அயலார் கையில் கொடுக்கவில்லை, கொடுத்தவனுடைய சன்னிதியிலேயே கொண்டுவந்து வைத்தனர். கைவிடுதலுக்கும் ஒப்படைத்தலுக்கும் உள்ள வேற்றுமை, எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. திருப்பதிசாரத்தில் உடையநங்கையாரின் பிறந்தகம் என்று இன்றும் காட்டப்படும் இடத்தில் நிற்பவர்க்கு இந்நினைவு வாராமல் இராது.

இனி, பாசுரம் அமைந்த திருவாய்மொழியின் போக்கு. எம்பெருமான் பகைவர் நிறைந்த இவ்வுலகில் துணையின்றித் தனியே வந்து நிற்கிறான், அவனுக்குப் பரிவார் இல்லையே என்று ஆழ்வார் அஞ்சுவதாகப் பூர்வாசாரியர்கள் இப்பதிகத்தின் அவதாரிகையில் நிருவகிப்பர். அனைவர்க்கும் காவலனாகியவனுக்குத் தாம் காவல் தேடுவது பெரியாழ்வாரின் மங்களாசாசனத்தோடு ஒத்த நிலை. இதை மனத்திற் கொண்டு பார்த்தால், வழிப்போக்கர்கள் சொல்லவேண்டிய செய்தியின் உருவம் மாறிவிடுகிறது. ‘அங்கே ஒருவன் துன்பப்படுகிறான், காப்பாற்று’ என்ற செய்தி அது அன்று. ‘உனக்குத் தொண்டு செய்ய அங்கே ஒருவன் இருக்கிறான்’ என்பதே செய்தி. பிறருக்காக விண்ணப்பம் செய்பவர், அவருடைய குறைப் பட்டியலை மட்டும் கொண்டுபோகிறாரா, அல்லது அவரை எம்பெருமானுக்கு உரியவராகவே அறிமுகப்படுத்துகிறாரா என்னும் வினாவை இது எழுப்புகிறது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள இயலாதவர் ஒருவருக்காக மற்றொருவர் சன்னிதியில் நிற்கும்போது இவ்வேற்றுமை சிறியது அன்று.

பெருமானின் திருநாமத்தையும் நோக்கவேண்டும். திருமகள் மார்பை விட்டு அகலாத இடத்தில், கேட்பதற்கோ இரங்குவதற்கோ குறைவு எதுவுமில்லை. புருஷகாரம் செய்பவள் எப்போதும் அருகில் இருக்கிறாள். குறைந்தது சொல்லும் வாய் ஒன்றுதான்.

சொல்லுதல் என்னும் இப்பணிக்கு ஆழ்வார் எவ்வளவு மதிப்பு வைத்தார் என்பதைத் தூதுத் திருவாய்மொழிகள் காட்டும். நான்கு இடங்களில் அவர் நாயகி நிலையில் நின்று பறவைகளை முதன்மையாகத் தூது விடுகிறார். அப்பறவைகளை ஆசாரியர்களாகவும், இரு சிறகுகளை ஞானமாகவும் அனுட்டானமாகவும் கொள்வது நம் உரைமரபு. நாரைக்கும் குருகுக்கும் பிரிவாற்றாமையைத் தீர்க்கும் வலிமை ஏது? நாயகியைத் தூக்கிச் சென்று சேர்க்கவும் அவற்றால் ஆகாது. பறந்துபோய்ச் சொல்லித் திரும்புவது ஒன்றே அவற்றின் தொழில். ஆசாரியருக்கு உவமையாக வலிய விலங்கு எதையும் கொள்ளாமல் இந்த எளிய பறவைகளைக் கொண்டது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

ஆயினும் இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். காப்பவன் அவன் ஒருவனே, நாம் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு அயலான் துன்பத்தைப் பாராமல் போவதற்கு இது வழியாகாதோ? ஆகக்கூடும், ஆகியும் இருக்கிறது. ‘பெருமாள் பார்த்துக்கொள்வார்’ என்னும் சொல் பல வேளைகளில் பேச்சை முடித்துக்கொண்டு எழுந்துபோவதற்கே பயன்படுகிறது. உரைமரபு இவ்வாபத்தை அறிந்தே இருந்தது. ஒருவனிடம் வைஷ்ணவத்தன்மை உண்டா இல்லையா என்பது அவனவனுக்கே தெரியும் என்று நஞ்சீயர் பலமுறை அருளிச்செய்வாராம். பிறர் துன்பப்படக் கண்டபோது மனம் இரங்கி வருந்தினானாகில் அவனுக்கு எம்பெருமானோடு தொடர்பு உண்டு. அவனுக்கு இது வேண்டும் என்று நினைத்தானாகில் தொடர்பு இல்லை என்று கொள்ளவேண்டுமென்பது அவர் வார்த்தையின் கருத்து. காப்பவன் தான் அல்லன் என்பதால் வருந்துகிறவனும் தான் அல்லன் என்று ஆகிவிடாது. வருத்தம் அடியவனுடையது, காத்தல் அவனுடையது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஒருபுறம் கல்நெஞ்சும், மறுபுறம் ‘நான் காப்பாற்றினேன்’ என்னும் செருக்கும் விளையும்.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் சீதாப்பிராட்டியை எடுத்துக்காட்டாக வைப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அசோகவனத்தில் பகைவரை எரித்துவிடும் ஆற்றல் பிராட்டிக்கு இருந்தது. அதை அவள் கையாளவில்லை. பெருமாள் வந்து மீட்பதே அவருக்குத் தக்கது என்று தன் ஆற்றலை விட்டாள். ஆற்றலை விட்ட அதே பிராட்டி, தன்னை வருத்திய அரக்கியரைத் திருவடி தண்டிக்க முற்பட்டபோது குறுக்கே நின்று தடுத்தாள். தன் திறத்தில் ஒன்றும் செய்யாதவள் பிறர் திறத்தில் வாய்திறந்தாள். பராசர பட்டர் ஸ்ரீகுணரத்னகோசத்தில் இந்நிகழ்ச்சியைப் பெரிதும் போற்றுகிறார்.

கூரத்தாழ்வான் சரித்திரம் இதை இன்னும் அருகில் கொண்டுவருகிறது. சோழன் அவையில் ஆழ்வான் கண் இழந்ததற்கு அவருடைய சீடனாகவே இருந்த நாலூரான் காரணமானான். பின்னர் எம்பெருமானார் நியமனத்தால், கண்களை வேண்டிப் பெறுவதற்காக ஆழ்வான் காஞ்சிப் பேரருளாளன் திருமுன்பே வரதராஜஸ்தவத்தை விண்ணப்பித்தார். வரம் கேட்கும் வேளையில் அவர் கேட்டது வேறு: தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும். எம்பெருமானார்க்கு இதில் முதலில் மனக்குறை உண்டாயிற்று என்பதையும் குருபரம்பரை மறைக்கவில்லை. நாலூரானைத் தேடிப் போய்த் திருத்தவோ, அவன் குற்றத்தை எடுத்துக்காட்டி மன்னிப்பளிக்கவோ ஆழ்வான் முயலவில்லை. அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்தார், அவ்வளவே. தமக்குத் தீங்கு செய்தவனுடைய எதிர்காலத்தைத் தம் கையிலிருந்து எடுத்து வைத்துவிடுவது, நண்பனுக்காக வேண்டுவதைக் காட்டிலும் கடினம்.

இவற்றைப் படித்துவிட்டு, விண்ணப்பத்தோடு கை ஓய்ந்துவிடவேண்டும் என்று முடிவு கட்டுவார்க்கு அத்துழாய் சரித்திரம் விடையாகும். பெரிய நம்பி திருமகளாரான அத்துழாய் விடியற்காலையில் தனியே நீராடப் போக அஞ்சி, மாமியாரைத் துணைக்கு அழைத்தாள். உன் பிறந்தகத்திலிருந்து சீதன வெள்ளாட்டியைக் கொண்டுவா என்று மாமியார் வெடுக்கென்று சொன்னாள். அத்துழாய் தகப்பனாரிடம் முறையிட்டாள். பெரிய நம்பி சம்பந்திவீட்டுக்குப் போய் வழக்குப் பேசவில்லை. பொருள் கொடுத்து ஆள் அமர்த்தவுமில்லை. இதை உடையவரிடம் போய்ச் சொல் என்றார். எம்பெருமானாருடைய ஆசாரியர் தம் மகளின் குறையைச் சீடரிடம் அனுப்பிவைத்தார். உடையவர் ஒரு கணமும் தயங்காமல் அருகிலிருந்த முதலியாண்டானைக் காட்டி, இதோ உன் வெள்ளாட்டி என்று அனுப்பினார். சாஸ்திரங்களில் வல்லவரும் எம்பெருமானாரின் மருமகனுமான முதலியாண்டான் அவ்வீட்டில் தண்ணீர் சுமந்தார், சமையல் செய்தார். உண்மை தெரிந்தபின் சம்பந்திவீட்டார் நாணினர்.

இங்கே ஒப்படைத்தல் மூன்று கை மாறுகிறது; மூன்றாவது இடத்தில் ஒருவர் எழுந்து குடத்தைத் தூக்குகிறார். தாமாக வீறுகொண்டு அவர் புறப்படவில்லை, அனுப்பப்பட்டார், போனார். மாமியாரைத் திருத்தும் எண்ணமும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. திருவண்பரிசாரப் பாசுரத்தில் ஆழ்வார் தெரிவிக்கச் சொன்னதும் இதுவே: சுமப்பதற்கு ஆள் இருக்கிறது. விண்ணப்பமும் கைங்கரியமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. விண்ணப்பம் செய்தவனே ஏவப்படவும் கூடும். அதற்கு ஆயத்தமில்லாதவன் செய்த விண்ணப்பத்தைத் தட்டிக்கழித்தல் என்பதே தகும்.

தாமே முன்வந்து பிறர் நிலையைச் சீர்ப்படுத்த முயல்வதன் எல்லையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இந்நிலப்பகுதியை ஒட்டியே குருபரம்பரையில் வருகிறது. எம்பெருமானார் திக்விஜயத்தில் திருவனந்தபுரம் எழுந்தருளியபோது, அங்கே நடந்த திருவாராதன முறையை மாற்றிப் பாஞ்சராத்திர முறையை நிலைநிறுத்தத் திருவுள்ளம் பற்றினார். நோக்கம் நல்லது, நோக்கியவரோ ஸம்ப்ரதாயத்தின் தலைவர். அங்கிருந்த அர்ச்சகர்கள் வாதிட வரவில்லை. பத்மநாபன் சன்னிதியில் விழுந்து முறையிட்டனர். அன்றிரவு உறங்கிக்கொண்டிருந்த எம்பெருமானாரை எம்பெருமான் எடுத்துக் கொண்டுபோய்த் திருக்குறுங்குடியில் விட்டான். பொழுது விடிந்தபோது அவர் நாஞ்சில் நாட்டையும் மலையையும் கடந்து அப்பால் இருந்தார்.

இச்சரித்திரத்தைச் சொல்வோர் உடனே திருக்குறுங்குடி நம்பி வடுகநம்பி வடிவில் வந்து சீடனானதற்குத் தாவிவிடுவர். அது இனிமையானது, ஐயமில்லை. பல அவதாரங்கள் எடுத்தும் தன்னால் வசப்படுத்த முடியாத மக்கள் இவரிடம் எப்படி வந்தனர் என்று நம்பியே வியந்து கேட்டு உபதேசம் பெற்றான். ஆயினும் முந்தைய இரவின் செய்தி அதனால் அழிந்துவிடாது. ஒருபுறம் திருத்த வந்த ஆசாரியர், மறுபுறம் முறையிட்ட எளியவர். பத்மநாபன் முறையிட்டவர் பக்கம் நின்றான். எம்பெருமானாருடைய பெருமையைப் பாடுவதற்கென்றே அமைந்த நூல்கள் இதை நீக்காமல் காத்துவைத்தது குறிப்பிடத்தக்கது. அவரிடமும் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவேண்டிய காரியம் ஒன்று எம்பெருமானுக்கு இருந்தது.

அதே பத்மநாபன் திருவடிகளில், ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு நாடே வைக்கப்பட்டது. நாஞ்சில் நாடு அதில் அடங்கியிருந்தது. கல்குளத்தைப் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றித் தலைநகராகக் கொண்ட அனுஷம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758), உள்நாட்டு எதிரிகளை ஒடுக்கி, 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்று, வடக்கே பல சிற்றரசுகளைச் சேர்த்துக்கொண்டபின், கொல்லம் ஆண்டு 925 மகரம் 5-ஆம் நாள், அதாவது 1750 ஜனவரியில், அரசு முழுவதையும் பத்மநாபனுக்குத் தானமாக அளித்தார். உடைவாளைச் சன்னிதியில் வைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு, பத்மநாபதாசன் என்னும் பெயரில் ஆண்டார். திருப்படிதானம் என்று வழங்கும் இதன் நினைவைப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் காணலாம். அதன் மேல்நிலை பத்மநாபனுக்கென்றே ஒதுக்கப்பட்டு, சுவரோவியங்களால் அணிசெய்யப்பட்டது.

இதைச் சரணாகதியின் அரச வடிவமாகப் புகழ்வோர் உளர். புகழத் தடையில்லை, ஆயினும் இரு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நலம். குடிகளின் பாரம் தன்னுடையது அன்று, அவனுடையது என்று அரசன் சொன்னான். அச்சொல் அரசனைப் பணிவுடையவனாக ஆக்கக்கூடும். ஆனால் நாடு கடவுளுடையதான பின், அரசனை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகவும் ஆகிவிடுகிறது. வென்று சேர்த்த நிலங்களுக்குப் பழைய உரிமை கேட்போர் வாய் அடைகிறது. வரலாற்றாசிரியர் பலர் இதில் அரசியல் நுட்பத்தையும் காண்பதற்கு அதுவே காரணம். ஒப்படைத்தபின் வாள் அதே கைக்குத் திரும்பி வந்தது. தாசன் என்னும் சொல் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆழ்வார் தம்மை அடியவனென்று சொல்லியனுப்ப நினைத்தபோது, திரும்பப் பெறுவதற்கு அவர் கையில் எதுவும் இல்லை. சங்கும் ஆழியும் சுமக்கும் வேலை ஒன்றையே கேட்டார்.

அவர் செய்தி திருவண்பரிசாரத்தில் சொல்லப்பட்டதா என்பதற்கு எட்டாம் பத்தில் விடை இல்லை. நாஞ்சில் நாட்டை அடுத்து மேற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே மற்றொரு திருப்பதி இருக்கிறது. ஆறு சூழ்ந்த திருவட்டாற்றில் ஆதிகேசவன் பள்ளிகொண்டிருக்கிறான். பத்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழி முழுவதும் அவ்வூர்க்கு உரியது. ஆழ்வாருக்குப் பேறு தருவதற்கு எம்பெருமான் விரைந்து, அதை அவர் சொன்னபடியே செய்வதற்காக அவர் வார்த்தையை எதிர்பார்த்து வாட்டாற்றில் காத்திருக்கிறான் என்று ஆசாரியர்கள் அப்பதிகத்துக்குப் பொருள் உரைப்பர். வழிப்போக்கர் எவரேனும் இடையில் போய்ச் சொன்னதாக அங்கே குறிப்பு ஒன்றும் காணப்படவில்லை.